ஐஸ் மிதக்கும் ஆற்றில் வள்ளம் விடப் போகும் பிள்ளைகளுக்கு

கோடையில் வாடகைக் கனூவில் ஏறிப் பழகிய பிள்ளைகள் சிலர், இந்தக் குளிருக்குக் கிராண்ட் ஆற்றில் இறங்கப் போகிறோம், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர்கள், குளிருக்குப் பயமில்லை. அதுதான் எனக்குப் பயம். வாங்கும் சாமான்கள் பற்றியும் சொல்கிறேன். ஆனால் கீழே எழுதியிருப்பதில் பாதி, வள்ளத்தை இறக்காமலே வீடு திரும்புவது பற்றியது. குளிர்கால ஆற்றில் பெரிய முடிவுகள் எல்லாம் கரையில் நிற்கும்போதே எடுக்கப்படுகின்றன. இறங்கிய பிறகு எடுப்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

போகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோடையில் அந்த ஆறு ரப்பர் வளையங்களும் பாட்டுச் சத்தமுமாய்ச் சந்தை கூடிக் கிடக்கும். ஜனவரியில் அதே இடத்தில் உங்கள் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் கேட்கும். நுளம்பு இல்லை. கலங்கல் அடங்கி அடிக்கல் தெரியும். வாருங்கள், ஆனால் இப்படி வாருங்கள்.

1. கோடையில் ஓடிப் பார்க்காத ஆற்றைக் குளிர்காலத்தில் ஓடாதீர்கள்.

கிராண்ட் ஆறு ஏறக்குறைய 300 கி.மீ. ஓடி ஈரி ஏரியில் விழுகிறது. அதில் உங்களுக்குக் காணும் என்று நான் சொல்வது கேம்பிறிட்ஜுக்கும் பாரிஸுக்கும் இடைப்பட்ட இருபது கிலோமீட்டர்தான். முதல் வருடம் கிளென் மொறிஸிலிருந்து தொடங்கி அதிலும் பாதி. (இது ஒன்ராறியோவின் பாரிஸ். இங்கே ஜிப்சம் தோண்டினார்கள். அதைக்கொண்டு செய்யும் 'பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்' ஊருக்கே பெயராகிவிட்டது.) சுற்றுவட்டாரத்துச் சிற்றாறுகள் மூடிக் கிடக்கும்போதும் இந்தத் துண்டு பெரும்பாலும் திறந்திருக்கும். ஃபேர்கஸுக்கு அருகே 1942இல் கட்டி முடித்த ஷாண்ட் அணையிலிருந்து குளிர்காலத்திலும் தண்ணீர் வருகிறது. கரையோரம் நிலத்தடி நீர் ஊறிக் கலக்கிறது. மேலே உள்ள நகரங்கள் சுத்திகரித்து விடும் கழிவுநீரும் ஆற்றைவிடச் சற்றுச் சூடாக வந்து சேர்கிறது. உங்கள் வெண்பனிப் படங்களுக்குப் பின்னால் கிச்னரின் சாக்கடைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறந்து தண்ணீரை அள்ளிக் குடித்துவிடாதீர்கள்.

இந்தத் துண்டை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஆற்றோடு ஒட்டியே பழைய ரயில் பாதை ஒன்று நடைபாதையாகப் போகிறது. வள்ளத்தைக் கைவிட்டாலும் நடந்து ஊருக்குப் போகலாம். அந்தப் பாதை எந்தக் கரையில், எந்த இடத்தில் ஏற முடியும், எந்த வளைவுக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கிறது என்பதையெல்லாம் ஓகஸ்டில் போய்ப் பார்த்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கு மேலே பென்மன் அணை இருக்கிறது. அதற்கு நன்றாக முன்னமே கரையேறும் இடம் எது என்பது வள்ளத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தாழ்ந்த அணைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நேர்க்கோடுதான் தெரியும். கீழே விழுந்த தண்ணீர் திரும்பி அணையை நோக்கியே சுழலும். விழுந்தவரையும் அங்கேயே வைத்துச் சுழற்றும். அதிலிருந்து ஆளை மீட்கத் தீயணைப்புப் படையே தயங்கும்.

2. விழுவோம் என்று வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

"நாங்கள் விழமாட்டோம், அங்கிள்" என்று ஒரு தம்பி சொன்னார். நல்லது. விழாத ஆளுக்கு என் ஆலோசனை எதுவும் தேவையில்லை, விழப்போகிறவருக்குத்தான் எழுதுகிறேன்.

நம்மவர்களிடம் ஒரு தனி வியாதி உண்டு. அப்பா கீரிமலைக் கேணியில் குதித்தவர், அம்மப்பா வல்வெட்டித்துறைக் கடலில் நீந்தியவர், ஆகவே தண்ணீர் நமக்கு இரத்தத்தில் ஓடுகிறது என்ற நினைப்பு. அந்தக் கடல் வெதுவெதுப்பானது. இந்த ஆறு ஜனவரியில் பூச்சியத்தை ஒட்டிய பாகையில் ஓடுகிறது. உடம்புச் சூட்டைக் காற்று எடுப்பதைவிடத் தண்ணீர் இருபத்தைந்து மடங்கு வேகமாக எடுக்கும். நீச்சல் தெரிந்தவர் தெரியாதவர் என்ற பேதம் முதல் சில நிமிடங்களிலேயே அழிந்துபோகும்.

மானிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ற் தன்னையே பலமுறை ஐஸ் தண்ணீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று – பத்து – ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது. இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் வாங்குவது தண்ணீரைத்தான். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னதைக் கேட்கும். அதன்பிறகு விரல் கயிற்றைப் பிடிக்காது, கை தூக்காது. நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆகும். குளிரில் உறைந்து சாவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் பலர் அந்த ஒரு மணிநேரத்தைக் காண்பதே இல்லை; மூச்சுத் தவறியோ கை ஓய்ந்தோ அதற்கு முன்னமே மூழ்கிவிடுகிறார்கள். உயிர்காப்பு அங்கி போட்டவருக்கு மட்டும்தான் அந்த மணிநேரம் கிடைக்கும்.

ஆகவே விழுந்தால் செய்யவேண்டியது இதுதான். முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். மிதந்துகொண்டு, மூச்சை மட்டும் அடக்குங்கள். பிறகு வள்ளத்துக்கு மேற்பக்கமாக, நீர் வரும் திசையில் இருங்கள். வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவே அகப்பட்டால் அந்த எடையை யாராலும் தள்ள முடியாது. பத்து நிமிடத்துக்குள் கரை. துடுப்பும் பையும் போனால் போகட்டும்.

3. உடுப்பைக் காற்றுக்காகப் போடாதீர்கள், தண்ணீருக்காகப் போடுங்கள்.

வெளியே வெயில் எறிக்கும், பிளஸ் மூன்று என்று வானொலி சொல்லும், துடுப்புப் போட்டால் வியர்க்கும். இருந்தாலும் உடுப்பு பூச்சியப் பாகைத் தண்ணீருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். ஜீன்ஸும் ஹூடியும் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்து உங்கள் சூட்டைக் குடிக்கும். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்ரர், அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் ட்ரைசூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்க, உள்ளே தண்ணீர் வராத முழு அங்கி அது.

ட்ரைசூட் ஆயிரம் டொலரைத் தாண்டும். வாங்க முடியாதவர் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். அல்லது ஈரத்திலும் சூடு காக்கும் நியோபிரீன் வெற்சூட் போட்டுக்கொண்டு, குறுகிய தூரத்துக்கு, சாந்தமான நாளில் மட்டும் வாருங்கள். அதுவும் இல்லாதவர் கரையில் நின்று படம் பிடிக்கலாம். இதில் பேரம் இல்லை. மீன்பிடிக்காரர் போடும் மார்பளவு ரப்பர்க் காற்சட்டையைக் கொண்டுவந்து "இதுவும் தண்ணி புகாது தானே" என்று கேட்பவர்கள் உண்டு. அது மேலே திறந்தது. விழுந்தால் நிரம்பும், ஓடும் தண்ணீரில் எழும்பவே விடாது.

ட்ரைசூட் தண்ணீரைத்தான் தடுக்கும், சூடு தராது. சூடு உள்ளே போட்டிருக்கும் துணியில் இருக்கிறது. போட்டதும் குந்தி இருந்து, கழுத்து வளையத்தை விரலால் விலக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் காற்று காலுக்குப் போகும். இறங்குமுன் ஒருவரின் சிப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும். ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: முன்பக்கத்துச் சின்னச் சிப்பையும். வீதியோரப் பற்றைக்குள் போய்விட்டு வந்து அதை மூட மறந்தவன் ஆற்றுக்குள் இறங்கினால், ஆறும் அவனுக்குள் இறங்கும்.

கைக்கு நியோபிரீன் கையுறை, தலைக்குக் கம்பளித் தொப்பி. இரண்டிலும் உபரி ஒன்று நீர்புகாப் பையில். கையுறைதான் முதலில் நனையும். கை போனால் மற்றதெல்லாம் போகும்.

4. உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொன்று வள்ளத்தில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். ஆசனத்துக்குக் கீழே கிடக்கும் அங்கி உங்களைக் காப்பாற்றாது. கூடவே 15 மீற்றர் மிதக்கும் கயிறும், சத்தம் எழுப்பும் கருவி ஒன்றும் வேண்டும் என்கிறது அதே சட்டம். அங்கியில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள், உள்ளே குண்டு இல்லாத வகையாகப் பார்த்து. குண்டு வைத்த விசில் ஈரம்பட்டு உறைந்தால் ஊதாது. குண்டில்லாத ஃபொக்ஸ் 40 விசில் நம் பக்கத்து ஊர்ச் சரக்குத்தான். தேவையான நேரத்தில் விசில் ஊதாமல் போய் அவதிப்பட்ட ஹமில்ற்றன் கூடைப்பந்து நடுவர் ரொன் ஃபொக்ஸ்குரொஃப்ற் 1987இல் கொண்டுவந்தது.

5. ஆளைப் பார்த்துச் சேருங்கள்.

குளிர்கால ஆற்றில் நீங்கள் எடுக்கும் மிகப் பெரிய முடிவு யாரோடு போவது என்பது. துடுப்பு வல்லவர்களைத் தேடாதீர்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதும், காரணம் கேட்காமல் வள்ளத்தைத் திரும்பக் காரில் ஏற்றக்கூடியவர்களைத் தேடுங்கள்.

இது நம்மிடையே லேசான காரியம் இல்லை. மூன்று வாரமாய் வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டு, வேலையில் லீவு எடுத்து, ஒன்றரை மணிநேரம் ஓடி வந்து ஆற்றங்கரையில் நிற்கும்போது, வயதில் இளையவர் ஒருவருக்கு மனம் சரியில்லை. மூத்தவர்கள் நிற்கிறார்கள், மச்சான் சிரிப்பான், பெண்பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு ஏறிவிடுவார். ஐஸ் ஆற்றில் இந்தக் கூச்சம்தான் ஆளைக் கொல்லும். அதனால் என் ஏற்பாடு இது: கரையில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், அதுவும் வயதில் குறைந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவருக்கு ஒத்தூதுவார்கள். ஒரு "வேண்டாம்" போதும், பயணம் நின்றுவிடும். அதைப் பற்றிப் பிறகு பகிடி விடக்கூடாது. விட்டால் அடுத்தமுறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தனி வள்ளம் கூடவே கூடாது. இரண்டு குறைந்தது, மூன்று நல்லது. ஒன்று கவிழ்ந்தால் ஒரு வள்ளம் ஆளைப் பார்க்கும், மற்றது ஆற்றைப் பார்க்கும். முன்னால் போகும் வள்ளத்தில் ஆறு தெரிந்தவர், கடைசி வள்ளத்தில் கயிறு எறியத் தெரிந்தவர், நடுவே புதியவர்கள். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வருபவர்கள் கண்ணில் படும்வரை முன்வள்ளம் காத்திருக்கும்.

6. ஐஸைப் படிக்கப் பழகுங்கள்.

இதைப் பற்றி நான் நீட்டித்தான் சொல்லவேண்டும். கோடை ஆற்றில் கல்லும் மரமும் தான். குளிர்கால ஆறு இரவோடிரவாகத் தன் உருவத்தை மாற்றும்.

முதலில் கரை ஐஸ். தண்ணீர் மெதுவாகப் போகும் ஓரங்களில் தட்டுத் தட்டாகப் படிந்து நடுவை நோக்கி வளரும். பார்க்கத் திண்ணைபோல் இருக்கும், கால் வைத்து இறங்கலாம் என்று தோன்றும். ஆனால் இரவு ஆற்றுமட்டம் இறங்கியிருந்தால் அந்தத் தட்டுக்குக் கீழே வெற்றிடம்தான் இருக்கும். இறங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, கம்பாலோ துடுப்பாலோ தட்டி, சத்தம் கேட்டு, கல்லோ மணலோ தெரியும் இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். வள்ளத்தை ஐஸ் தட்டில் வைத்து ஏறிச் சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் விழும் விளையாட்டைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு வருடம் அதைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

அடுத்தது கூழ் ஐஸ். வானம் தெளிந்த, கடும் குளிரான இரவில், கொந்தளித்து ஓடும் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே ஒரு பாகையின் நூறில் சில பங்கு இறங்கும். அப்போது தண்ணீருக்குள்ளேயே சின்னச் சின்னத் தகடுகளாக ஐஸ் பிறக்கும். காலையில் ஆறு முழுவதும் கூழாக, வட்ட வட்டத் தட்டுகளாக மிதந்து வரும். இந்தக் கூழில் துடுப்புப் பிடிக்காது, வள்ளம் திரும்பாது, வேகம் உங்களுடையதாய் இருக்காது. அது கீழே எங்கோ போய் அடைக்கப்போகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கூழ் ஐஸ் நிறைந்து ஓடும் காலை என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அதே ஐஸ் ஆற்றின் அடியில் கல்லைப் பிடித்துக்கொண்டு வளர்வதும் உண்டு. வெயில் ஏறியதும் பிடி விட்டு, கல்லையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். பக்கத்தில் திடீரென்று கறுத்த ஐஸ் கட்டி ஒன்று சரளைக் கற்களோடு மிதந்து எழும்பினால் பதறாதீர்கள், பார்க்க அழகானது.

எல்லாவற்றிலும் கொடியது ஐஸ் பாலம். இரண்டு கரைத் தட்டுகளும் நடுவில் சந்தித்துக்கொண்ட இடம். அல்லது மேலேயிருந்து வந்த கட்டிகள் ஒரு வளைவில் சிக்கி அடைத்துக்கொண்ட இடம். ஆறு அதற்குக் கீழே நுழைந்து போகிறது, வேகம் குறையாமல். நீங்களும் அதற்குள்ளே போனால் மேலே வர வழியில்லை. வளைவைத் தாண்டியதும் எதிரே அதைக் காண்பவருக்கு நேரமும் இருக்காது. ஆகவே: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் கரையேற ஓர் இடம் இருந்தால்தான் அந்தத் தூரத்தை ஓடலாம். தெரியாத வளைவென்றால் முன்னமே கரையேறி நடந்துபோய்ப் பாருங்கள். ஒரு பயணத்தில் பத்துமுறை இறங்க வேண்டி வந்தாலும் இறங்குங்கள்.

எல்லாம் தவறி, ஐஸ் விளிம்பை நோக்கி நீரோட்டம் உங்களை இழுக்கிறது என்றால், காலை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். கால்தான் முதலில் கீழே நுழையும். குப்புறத் திரும்பி, வேகமாக நீந்தி, மார்பை விளிம்பின் மேல் எறியுங்கள். காலை உதைத்து உடம்பைத் தட்டையாக்கி மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

மரங்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு தென் ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைக் கொன்று தீர்த்துவிட்டது. கரையோரம் பட்டுப்போய் நிற்பவை ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் சாய்கின்றன. கிளைகளுக்கூடாகத் தண்ணீர் போகும், மனிதர் போகமுடியாது. ஓகஸ்டில் இல்லாத மரம் ஜனவரியில் இருக்கலாம்.

7. வானிலையை மூன்று நாள் பின்னோக்கியும் பாருங்கள்.

நாளைக்கு என்ன காலநிலை என்று எல்லோரும் பார்ப்பார்கள். நேற்றும் முந்தநாளும் என்ன நடந்தது என்பதே ஆற்றைத் தீர்மானிக்கிறது. ஒரு வாரம் கடும் குளிர், பிறகு திடீரென்று பிளஸ் பத்து, மழை. இந்த இளக்கத்தில்தான் மேலே உள்ள ஐஸ் மொத்தமாக உடைந்து வரும். 2018 பெப்ரவரியில் இப்படி ஒரு ஐஸ் அடைப்பும் வெள்ளமும் வந்து, பாரிஸுக்குக் கீழே உள்ள பிரன்ற்ஃபோர்ட்டில் அவசரநிலை அறிவித்து, ஆயிரக்கணக்கானவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். வெயிலான, இதமான நாள் என்று நீங்கள் மகிழ்வது அப்படியான ஒரு நாளாக இருக்கலாம்.

கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையம் விநாடிக்கு எத்தனை கன மீற்றர் தண்ணீர் ஓடுகிறது என்று அறிவிக்கிறது. பாருங்கள், ஆனால் குளிர்காலத்தில் அந்த இலக்கத்தை அப்படியே நம்பாதீர்கள். கருவி அளப்பது நீர்மட்டத்தை. கீழே ஐஸ் அடைத்து மட்டம் உயர்ந்தாலும் கருவிக்கு அது கூடுதல் தண்ணீராகவே தெரியும். இலக்கம் காரணமில்லாமல் ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்னமே பொழுதுபட்டுவிடும். பத்து மணிக்கு இறங்கி இரண்டு மணிக்குள் கரையேறும் தூரமாகப் பாருங்கள். கோடையில் மூன்று மணிநேரத்தில் ஓடியதற்கு ஐந்து மணிநேரம் பிடிக்கும்.

8. வள்ளமும் துடுப்பும் பெரிய விஷயமில்லை, சப்பாத்துத்தான்.

பழைய பிளாஸ்ரிக் வள்ளம் நல்லது. லேசான கெவ்லார் வள்ளத்தை ஐஸ் விளிம்பு அரம் போல் அராவும். அலுமினியம் உடையாது, ஆனால் முழங்காலுக்குக் குளிரைக் கடத்தும். எதுவானாலும் ஆசனத்தில் இருப்பதைவிட முழந்தாளிடுவது நிதானம். அங்கேதான் சப்பாத்து வருகிறது. பருத்த பனிச் சப்பாத்தோடு முழந்தாளிட்டால் பாதம் ஆசனத்துக்குக் கீழே செருகிக்கொள்ளும், வள்ளம் கவிழ்ந்தால் வெளியே வராது. வீட்டு முற்றத்தில், அதே சப்பாத்தோடு, வள்ளத்தில் முழந்தாளிட்டுச் சட்டென்று எழும்பிப் பாருங்கள். சிக்கினால் ஆசனத்தை உயர்த்துங்கள் அல்லது சப்பாத்தை மாற்றுங்கள்.

துடுப்பில் ஐஸ் படியும். அவ்வப்போது தண்ணீருக்குள் ஆழ்த்தி எடுத்தால் கரையும். துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் வள்ளத்துக்குள் உறைந்து வழுக்கும். ஒரு பெரிய பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டே வாருங்கள்.

9. முடிச்சு எல்லாம் உறையும்.

ஈரக் கயிறு கம்பியாகிவிடும். இழுத்தால் அவிழும் முடிச்சு மட்டும் போடுங்கள். கத்தி ஒன்று அங்கியில் இருக்கட்டும். எறிகயிற்றுப் பை போனமுறை நனைந்து, அப்படியே காரில் கிடந்திருந்தால், தேவையான நேரத்தில் ஒரு ஐஸ் கட்டியைத்தான் எறிவீர்கள். வீட்டில் விரித்துக் காயவைத்துப் பையில் போடுங்கள். அங்கியின் கொளுக்கி உறைந்து திறக்காவிட்டால் பல்லால் கடிக்காமல் ஆற்றுக்குள் அமிழ்த்துங்கள். தண்ணீர் காற்றைவிடச் சூடானது.

10. திறப்பு.

முடியும் இடத்தில் ஒரு காரை விட்டுவிட்டு, மற்றதில் ஏறித் தொடங்கும் இடத்துக்கு வருவீர்கள். முடியும் இடத்துக் காரின் திறப்பு, தொடங்கும் இடத்துக் காரிலேயே மறந்து கிடக்கும். இது எல்லாக் கூட்டத்துக்கும் ஒருமுறையாவது நடக்கும். கோடையில் பகிடி, குளிரில் ஆபத்து. இரண்டு பேரிடம் இரண்டு திறப்பு, நீர்புகாப் பைக்குள், உடம்போடு. கைத்தொலைபேசியும் உடம்போடுதான், குளிரில் பற்றரி இறங்கிவிடும். முழுச்செற் காய்ந்த உடுப்பு ஒன்று முடியும் இடத்துக் காரில், இன்னொன்று வள்ளத்தில்.

11. தேத்தண்ணி வேண்டும், தண்ணி வேண்டாம்.

இஞ்சித் தேத்தண்ணி, சீனி தாராளமாய்ப் போட்டு, ஆளுக்கொரு பிளாஸ்க். எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், கச்சான். உறைந்தாலும் கடிக்கக்கூடியதும் கையுறையோடு எடுக்கக்கூடியதுமாக இருக்கட்டும். பசிக்குமுன் சாப்பிடுங்கள், நடுக்கம் என்பது உடம்பு விறகு எரிப்பது, விறகு நீங்கள் போடவேண்டும். ட்ரைசூட்டைக் கழற்றுவது கரைச்சல் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் பின்னேரம் தலையிடியோடு திரும்புவார்கள்.

"ஒரு பெக் போட்டால் சூடு ஏறும்" என்ற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். ஏறுவது தோலில். உள்ளே இருந்த சூட்டை இரத்தம் வெளியே கொண்டுவந்து காற்றுக்குக் கொடுக்கிறது. அதைத்தான் அவர் சூடு என்கிறார். வீட்டுக்குப் போன பிறகு அவர் பாடு.

12. பேசாமல் போகிறவரைக் கவனியுங்கள்.

குளிர் பிடித்தவர் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டார். கையுறையைத் தவறவிடுவார், கால் இடறுவார், சொல் குழறும், காரணமில்லாமல் சிடுசிடுப்பார். கலகலப்பானவர் மௌனமாகிவிட்டால் கரையேறுங்கள். "ஓகேயா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓகே என்பார்கள். பெருவிரலால் சின்னவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொடமுடியாதவருக்கு அன்றைய பயணம் முடிந்துவிட்டது.

நடுங்குகிறார் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, நிலத்திலிருந்து குளிர் ஏறாமல் கீழே ஏதாவது விரித்து, உறக்கப் பைக்குள் விடுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான சூட்டுப் பானம். சூட்டுப் பொதி இருந்தால் மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். கையையும் காலையும் தேய்க்காதீர்கள், உடனே எழுப்பி நடக்கவைக்காதீர்கள். அரைமணி நேரமாவது அசையாமல் இருக்கட்டும். நடுக்கம் நின்று, ஆள் இன்னும் குளிர்ந்தே இருக்கிறார் என்றால் அது குணமான அடையாளம் அல்ல. 911ஐ அழையுங்கள். படுத்தபடியே, முட்டை தூக்குவது மாதிரி மெதுவாகக் கையாளுங்கள்; குளிர்ந்த இதயம் ஓர் உலுக்கலில் தாளம் தப்பும்.

13. கழுகை எழுப்பாதீர்கள்.

ஐஸ் மூடாத தண்ணீரைத் தேடி வெண்தலைக் கழுகுகள் இந்தத் துண்டுக்கு வருகின்றன, மீனுக்கும் வாத்துக்குமாக. கரையோரத்து உயர்ந்த மரத்தில் அசையாமல் இருக்கும். படத்துக்காக மரத்தடிக்கே வள்ளத்தை விட்டால் அது எழும்பிப் பறக்கும். அந்தப் பறப்புக்குச் செலவாகும் சூட்டை அது எங்கே போய்த் தேடும்? எதிர்க்கரையோரமாக, பேசாமல், நிற்காமல் போங்கள். மஞ்சள் கண் வாத்துகள் கூட்டமாக எழும்பும்போது சிறகு விசிலடிக்கும்; அதை நின்று கேட்கலாம்.

14. இதைப் பாரம்பரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மரப்பட்டையில் கனூ கட்டிய இந்நாட்டு முதற்குடிகள், ஆறு உறைந்ததும் வள்ளத்தை எடுத்துவைத்துவிட்டுப் பனிச்சப்பாத்திலும் சறுக்குப்பலகையிலும் பயணம் செய்தார்கள். வேறுவிதமாக வாழவேண்டி வந்த இடமும் உண்டு. கியூபெக்கில், பாலம் இல்லாத காலத்தில், லெவிக்கும் கியூபெக் நகரத்துக்கும் இடையே சென் லோரன்ஸ் ஆற்றின் ஐஸ் மேல் வள்ளத்தை இழுத்தும், தண்ணீர் வந்தால் துடுப்புப் போட்டும் ஆளையும் தபாலையும் கடத்தினார்கள். அது இன்றைக்குக் குளிர்காலத் திருவிழாப் பந்தயம். அவர்களுக்கு அது பிழைப்பு. நமக்குப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கை எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம்.

15. முதல் பயணம்.

நவம்பர் கடைசி, பூச்சியத்துக்கு மேலே, காற்றில்லாத ஒரு சனிக்கிழமை. முதலில் கரையோரம், இடுப்பளவு தண்ணீரில், கார் பக்கத்தில் நிற்க, ட்ரைசூட்டோடு ஒவ்வொருவராக வேண்டுமென்றே விழுந்து எழும்புங்கள். அந்த ஒரு நிமிட மூச்சு எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்வதற்கு இதைவிட மலிவான இடம் கிடைக்காது. சிப் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். பிறகு கையுறையோடு கயிறு எறிந்து பழகுங்கள். அதற்குப் பின்னும் எல்லோருக்கும் மனமிருந்தால் ஐந்து கிலோமீட்டர்.

போகுமுன் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்வது. அம்மாவிடம் கொடுத்தால் பன்னிரண்டு மணிக்கே பொலிஸுக்கு அடித்துவிடுவா. துடுப்புப் போட விருப்பமில்லாத மச்சாள் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் கொடுங்கள். முடியும் இடத்தில் காரை ஓடவிட்டுக்கொண்டு அவரே வந்து நின்றால் இன்னும் நல்லது. வரும் வழியில் கொத்துரொட்டி வாங்கி வரச் சொல்லுங்கள், காசை முன்னமே கொடுத்துவிட்டு.